கையில் இரண்டு ஆஃபர், எதை எடுப்பது? கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் 16 வருஷம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். ஆஃபர் லெட்டர் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது அந்த லெட்டரை வாங்கி வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். "அக்கா, ரெண்டு வந்திருக்கு, எதைங்க எடுக்கட்டும்?" என்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு பிடிஎஃப் வந்து விழும். பிள்ளைகள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கோயமுத்தூர்ல 4 லட்சத்து 20 ஆயிரம், பெங்களூர்ல 6 லட்சம். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?

நிறைய இருக்கிறது. சிடிசி என்று போட்டிருப்பது சம்பளம் அல்ல. உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருஷத்தில் எழுதிக்கொள்ளும் மொத்தச் செலவு அது. உங்கள் கைக்கு வராத தொகையும் அதற்குள் இருக்கும்.

என் தங்கை மகன் இதே மாதிரி இரண்டு கடிதத்தோடு வந்தான். இட்லித் தட்டை நகர்த்திவிட்டு, கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். கோவைக் கம்பெனியின் 4,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 35,000. அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800 (15,000-க்கு 12 சதவீதம்), கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஒதுக்குவது 842, இன்சூரன்ஸ் 500 போகும். மீதி 31,858-ல் அவன் பங்கு பிஎஃப் 1,800-ம், தொழில் வரி ஏறக்குறைய 208-ம் பிடிப்பார்கள். கையில் 29,850.

பெங்களூர்க் கடிதத்தில் 6 லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதில் 60,000 'வேரியபிள்' (வேலையையும் லாபத்தையும் பார்த்து, வந்தால் வரும் தொகை) என்று இருந்ததை அவன் பார்க்கவே இல்லை. அதைத் தள்ளினால் மாதம் 45,000. அதே பிடித்தங்களைக் கழித்தால் கையில் சுமார் 39,600. வருமான வரி இரண்டிலும் வராது. புதிய வரி முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி இல்லை.

அப்புறம் செலவு. அவன் விசாரித்த பிஜியில் (தங்கும் விடுதி) சாப்பாட்டோடு 12,000, ஆபீஸ் போய்வர 2,000. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போக 3,600 என்று வைத்தோம். கோவைக்கு வந்தே பாரத் இருக்கிறது, ஆனால் அது பகல் வண்டி. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்புகிறவனுக்கு ராத்திரி பஸ்தான் தோது. ஆக 17,600 போய் மீதி 22,000. கோவையில் வீட்டிலிருந்து போனால் பெட்ரோலும் மதியச் சாப்பாடுமாக 4,000 போய் மீதி 25,850. வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் அதிகமாகத் தெரிந்த ஆஃபர், மாதக் கடைசியில் கிட்டத்தட்ட 3,800 குறைவாகத்தான் மிச்சம் வைத்தது.

ஆனால் அவன் பெங்களூருக்குத்தான் போனான். நானும் போகத்தான் சொன்னேன். அங்கே அவனுக்குக் கிடைத்தது மோட்டார் கண்ட்ரோலர் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. இங்கே கிடைத்தது டீலர்களின் புகாரைக் கேட்டு எக்ஸலில் பதியும் வேலை. படித்தது எலக்ட்ரானிக்ஸ். காசை முதலில் சமமாக்கிப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கணக்கு.

வேரியபிள், ஜாயினிங் போனஸ் இதையெல்லாம் எந்த அளவுக்கு நம்பலாங்க?

வேரியபிளை என் கணக்கில் சுழி என்றே வைப்பேன். வந்தால் சந்தோஷம். "போன வருஷம் இதே பதவியில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது?" என்று கேளுங்கள். நேராகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

ஜாயினிங் போனஸ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டிய பணம். அந்த நிபந்தனை கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த போனஸ் முதல் வருஷத்துக்கு மட்டும்தான். அடுத்த வருஷ உயர்வு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் ஏறும்.

தீபாவளி போனஸ் நல்லா தர்றாங்கன்னு சொல்றாங்களே?

நம் பக்கத்தில் இது பெரிய விஷயம்தான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. மாதச் சம்பளம் 21,000-க்கு மேல் போனால் சட்டப்படியான போனஸ் உரிமை கிடையாது, அதற்கு மேல் தருவது முதலாளியின் மனசு. உள்ளே வேலை செய்கிற ஒருவரிடம் கேளுங்கள். கம்பெனியில் கேட்டால் எல்லோரும் 'நல்லா தருவோம்' என்றுதான் சொல்வார்கள்.

"பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் எதுக்கு, அதையும் சேர்த்துக் கையில காசா தந்துர்றோம்"னு ஒரு கம்பெனியில சொல்றாங்க. லாபந்தானுங்களே?

இல்லைங்க. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், 15,000 வரை அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு பிஎஃப் என்பது கம்பெனி விருப்பப்பட்டுத் தருவதல்ல. உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால் அவர்களும் 12 சதவீதம் போட வேண்டும். அவர்கள் போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும், 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு உட்பட்டு. பத்து வருஷ சேவை சேர்ந்தால் வயதான பின் பென்ஷன் உண்டு. கணக்கில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. அதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை.

21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அவர்கள் கட்டுவது 3.25. அதாவது 20,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து 150 ரூபாய். அந்த 150 ரூபாய்க்கு உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க முடியும். ஃபவுண்டரியில் கை நசுங்கியவருக்கு இஎஸ்ஐ இருந்ததையும் பார்த்திருக்கிறேன், இல்லாததையும் பார்த்திருக்கிறேன். இல்லாத வீட்டில் தோட்டத்தை அடமானம் வைத்தார்கள்.

பிஎஃப் இல்லாமல் 2,000 ரூபாய் கூடத் தருகிற இடம், பிஎஃப்போடு குறைவாகத் தருகிற இடம் என்று இரண்டு இருந்தால், இரண்டாவதை எடுங்கள்.

ஆஃபர் லெட்டர்ல நான் இன்டர்வியூ போன கம்பெனி பேரு இல்லைங்க. வேற ஏதோ பேரு இருக்கு.

அப்படியானால் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள் அல்ல, ஆள் அனுப்புகிற நிறுவனத்தின் ஆள். சம்பளம், பிஎஃப், லீவு எல்லாம் அவர்கள் வழியாகத்தான். வேலை மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் நேரடியாக எடுக்கும் இன்னொரு ஆஃபர் இருந்தால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எத்தனை மாத ஒப்பந்தம், முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவார்களா, இதுவரை எத்தனை பேரை ஆக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கிறது என்றால் அது வேறு வகை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி, அப்படிச் சேர்கிறவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்துவிடுகிறது. நிரந்தர ஆட்களுக்கு அது ஐந்து வருஷம்.

'அப்ரெண்டிஸ்' என்று போட்டிருந்தாலும் கவனியுங்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் வந்தால் அது பயிற்சி. கிடைப்பது உதவித்தொகை, பிஎஃப் இருக்காது. டிப்ளமோ முடித்த பையனுக்கு நல்ல கம்பெனியில் அப்ரெண்டிஸ் கிடைத்தால் நான் தடுக்க மாட்டேன். அதை வேலை என்று நினைத்துக் கடன் வாங்கி வண்டி எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் வேலை ஒண்ணு, சரவணம்பட்டியில ஐடி சப்போர்ட் வேலை ஒண்ணு. சம்பளம் ஒரே மாதிரிதான். எப்படி முடிவு பண்றது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன். இரண்டு வேலையிலும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று, காலையில் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி படுக்கிற வரை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடம் எங்கே வருகிறதோ, அதைத்தான் போய் விசாரிக்க வேண்டும்.

சோமனூரில் இருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு விசைத்தறி. அவளுக்கும் இதே இரண்டு ஆஃபர். எழுதச் சொன்னேன். ஐடி வேலை முதல் வரியிலேயே நின்றுவிட்டது: எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்றே தெரியவில்லை. கடிதத்தில் 'சுழற்சி ஷிப்ட்' என்று மட்டும் இருந்தது. போன் பண்ணிக் கேட்டதில், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் அல்ல, மாதத்துக்கு ஒன்று, அதில் ஒரு மாதம் முழுக்க ராத்திரி என்று தெரிந்தது. கம்பெனி வண்டி சோமனூர் வரை வராது, சிட்டி எல்லைக்குள்தான். அப்படியானால் ஹாஸ்டல். அந்தச் செலவும் கணக்கில் ஏறியது.

திருப்பூர் வேலையை மத்தியானம் வரை நன்றாக எழுதினாள். சாம்பிள், துணி அப்ரூவல், டையிங்குக்குப் போன், கட்டிங் எப்போது என்று துரத்துவது. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்ததும் பேனா நின்றது. "வேலை எப்போ முடியும்னு தெரியலக்கா." சரி, போய்ப் பார்த்துவிடு என்றேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளும் அப்பாவும் பல்லடம் ரோட்டில் அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து தையல் ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் அதற்கு முன்பே ஏழு மணி வாக்கில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டே. ஐரோப்பாவில் அப்போது மத்தியானம், பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், விழித்திருக்கிற நேரம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி இவள் நேராகவே கேட்டுவிட்டாள். "ஷிப்மென்ட் வாரம்னா ஒன்பது, பத்து ஆயிரும். மத்த நாள்ல ஏழு" என்று அந்தப் பெண் சொன்னாள். "ஆனா மூணு வருஷத்துல துணியைத் தொட்டாலே ஜிஎஸ்எம் சொல்லிருவேன்" என்றாளாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை.

அந்த ஒரு வாக்கியம்தான் சோமனூர்க்காரியை அசைத்தது. தறி வீட்டில் பிறந்தவள் அல்லவா. திருப்பூரை எடுத்தாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பையர் எந்த நாட்டுக்காரர்கள்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த இடங்களில் அடி பலமாக விழுந்தது. பல நாட்டு பையர் இருக்கிற இடம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பெரிய கம்பெனியா, சின்னப் பட்டறையா?

முதல் வேலை என்றால், கற்றுக்கொடுக்கிற ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே. பெரிய கம்பெனியில் முறை தெரியும்: ட்ராயிங் எப்படி வெளியாகிறது, தரச் சோதனை எப்படி நடக்கிறது, தப்பு நடந்தால் எப்படி எழுதிவைப்பது என்பதெல்லாம். சிட்கோ தொழிற்பேட்டையில் பத்துப் பேர் இருக்கிற பட்டறையில் வேலையே தெரியும். காலையில் விஎம்சி மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் மெஷின்) ப்ரோக்ராம் போட்டு, மத்தியானம் கொட்டேஷன் அடித்து, சாயங்காலம் கஸ்டமரிடம் திட்டும் வாங்கி வரலாம். இரண்டு வருஷத்தில் ஒரு தொழில் முழுசாகக் கைக்குள் வரும்.

சின்ன இடத்தில் இரண்டு விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டும். சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, முதலாளி மகன் வந்த பிறகு உங்களுக்கு இடம் இருக்குமா. இரண்டாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நம் ஊரில் கேட்டே ஆக வேண்டியது அதுதான்.

மேலதிகாரி எப்படிப்பட்டவர்னு சேரும் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இது தெரியாமல் நானே ஒரு தடவை தவறினேன். 27 வயதில் சென்னையில் ஒரு கம்பெனியில் சம்பளம் ஒன்றரை மடங்கு என்று போனேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு வருஷத்தில் மூன்று பேர் போயிருக்கிறார்கள் என்று. மேலே இருந்தவர் கூட்டத்தில் வைத்துக் காகிதத்தை முகத்துக்கு நேரே வீசுவார். ஏழு மாதத்தில் திரும்பி வந்தேன். அந்த ஏழு மாதத்தில் போன தூக்கம் திரும்ப ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம் யாருக்கு ஆஃபர் கொடுத்தாலும், இந்த இடம் ஏன் காலியானது என்று நானே முதலில் சொல்லிவிடுவேன்.

அதனால் கேளுங்கள்: இது புதிய இடமா, யாராவது போன இடமா? போனவர் எத்தனை வருஷம் இருந்தார்? யாருக்குக் கீழே வேலையோ, அவரோடு பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். ஆஃபர் கொடுத்த பிறகு இதை மறுக்கிறவர்கள் குறைவு. அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா, தன்னைப் பற்றியே பேசுகிறாரா என்று கவனியுங்கள். வாட்ச்மேனிடமும் டீ கொண்டுவருகிறவரிடமும் அவர் பேசுகிற விதம் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஒரு கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்குது. எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு இன்னும் லெட்டர் தரலைங்க.

பிடித்த கம்பெனிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். "சார், எனக்கு இன்னொரு இடத்தில் லெட்டர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்கு உங்களிடம் சேரத்தான் விருப்பம். அதற்கு முன் உங்கள் முடிவு தெரியுமா?" இவ்வளவுதான். இதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆள் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு போன் வந்தால் நாங்கள் ஃபைலை மேலே எடுத்து வைப்போம்.

லெட்டர் தந்தவர்களிடம் திங்கள் அல்லது செவ்வாய் வரை நேரம் கேளுங்கள். "வீட்டில் பெரியவர்களிடம் பேச வேண்டும்" என்றால் நம் ஊரில் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். "கண்டிப்பா உனக்குத்தாம்பா" என்று வாயால் சொன்னதை ஆஃபராக எண்ணாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் போட்ட எழுத்து வரும் வரை இருக்கிற வேலையை ராஜினாமா செய்யவே கூடாது.

சம்பளம் கூட்டிக் கேட்டா ஆஃபரையே திரும்ப எடுத்துருவாங்களா?

மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக நான் யாருடைய ஆஃபரையும் ரத்து செய்ததில்லை. நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு புது நம்பரோடு வந்தவரைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு தொகையைச் சொல்லி, காரணத்தோடு கேளுங்கள். "இன்னொரு இடத்தில் கையில் 34,000 வருகிறது. உங்களிடம் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. 33,000 ஆக்கினால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்." இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கோயமுத்தூரில் ஹெச்ஆர் ஆட்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிவார்கள். சம்பளம் ஏறாது என்றால் ஆறு மாதத்தில் மறுபரிசீலனை, சேரும் தேதி, சனிக்கிழமை லீவு என்று வேறு ஏதாவது கேட்கலாம். எதுவானாலும் லெட்டரில் வர வேண்டும்.

ராஜினாமா குடுத்ததும் பழைய கம்பெனிலயே "நாங்களே தர்றோம், இரு"ன்னு சொல்றாங்க.

சம்பளம் மட்டும்தான் குறையாக இருந்ததா என்று உங்களையே கேளுங்கள். அதுதான் என்றால் இருக்கலாம், புதிய சம்பளத்துக்கு எழுத்து வாங்கிக்கொண்டு. வேறு காரணம் இருந்தால் அந்தக் காரணம் பணத்தால் போகாது.

மூணு வருஷம் பாண்ட் போடச் சொல்றாங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கேட்கிறாங்க.

சர்டிஃபிகேட்டைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகல் எடுக்கட்டும், அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால்தான் வேலை என்கிற இடத்தை விட்டுவிடலாம்.

பாண்ட் வேறு. "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை, எதற்காக, மாதங்கள் கழியக் கழியத் தொகை குறையுமா என்று பாருங்கள். உண்மையாகவே வெளியே அனுப்பிப் பயிற்சி தருகிறார்கள் என்றால் ஒரு வருஷ பாண்ட் நியாயம்தான். நோட்டீஸ் பீரியட் 90 நாளா, 30 நாளா என்பதையும் பாருங்கள். அடுத்த வேலை தேடும்போதுதான் அதன் வலி தெரியும்.

வெளியே நல்ல ஆஃபர் வந்திருக்கு. அப்பா "நம்ம பட்டறையைப் பார்த்துக்கோ கண்ணு, எதுக்கு இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நிக்கணும்"ங்கிறாரு.

இந்தக் கேள்விக்கு மனசு பாரமாகாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பாசம் இருக்கிறது. அப்பா சொல்வதில் உண்மையும் இருக்கிறது. இந்த ஊரே யாரோ ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு லேத்தை வாங்கிப் போட்டதால் வளர்ந்த ஊர். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகு மில்லுகள் பெருகின, மில்லுக்கு ஸ்பேர் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறையிலிருந்து மோட்டாரும் பம்ப்செட்டும் வந்தன. அந்தப் பெருமை அவர் பேச்சில் இருக்கும்.

பட்டறையையும் ஒரு ஆஃபராகவே எடுத்து வையுங்கள், அப்பாவோடு உட்கார்ந்து. எனக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? "எல்லாம் உனக்குத்தானே" என்பது சம்பளம் அல்ல. எந்த முடிவை நான் எடுக்கலாம், எதற்கு உங்களிடம் கேட்க வேண்டும்? கடன் எவ்வளவு இருக்கிறது? ஆர்டர் எத்தனை கஸ்டமரிடமிருந்து வருகிறது? சித்தப்பாவுக்குப் பங்கு உண்டா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்தில் மகன் இப்படிக் கேட்டபோது அப்பா முதலில் கோபப்பட்டார். ரெண்டு நாள் கழித்துப் பழைய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்து முன்னால் வைத்தார். அன்றைக்குத்தான் பையனுக்கு அந்தத் தொழில் மேல் மரியாதை வந்தது.

கூட ஒரு வழி இருக்கிறது. பட்டறைக்கே சரக்கு வாங்குகிற மாதிரியான பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வருவது. தரம் என்றால் என்ன, கஸ்டமர் எதற்காகச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார் என்பதை அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர் பட்டறைக்குத் திரும்பினால் பட்டறை மாறும். அப்பாவிடம் ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், அவருக்கும் நிம்மதி.

மகளுக்குச் சென்னையில ஒரு ஆஃபர், இங்கேயே ஒண்ணு. "கல்யாணம் பண்ற வயசு, பக்கத்துலயே இருக்கட்டும்"ங்கிறாங்க வீட்டுல. நான் என்னங்க சொல்றது?

நீங்கள் அம்மா, கேட்டதே நல்லது. முதலில் மகளிடம் கேளுங்கள், எந்த வேலை பிடித்திருக்கிறது என்று. சம்பளத்தையும் ஊரையும் விட்டுவிட்டு வேலையை மட்டும். அந்தப் பதிலை மதித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். கல்யாணம் எந்த ஊரில் அமையும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. மூன்று வருஷ அனுபவம் கையில் இருந்தால் எந்த ஊருக்குப் போனாலும் வேலை கிடைக்கும்.

விசாரிக்க வேண்டியவை: ராத்திரி வேலை உண்டா, வண்டி வீட்டு வாசல் வரை வருமா, பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு இருக்கிறதா. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் அந்தக் குழு கட்டாயம். பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. 2017 திருத்தத்திலிருந்து இதுதான் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். அந்த விடுப்புக்குப் பிறகு எத்தனை பெண்கள் அந்தக் கம்பெனிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று உள்ளே இருக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டால், வேறு எதையும் கேட்கத் தேவையில்லை.

குரூப் 4 ரிசல்ட்டுக்குக் காத்திருக்கேன். அதுவரைக்கும் வேலைக்குச் சேரலாமா?

சேருங்கள். பாண்ட் இல்லாத, நோட்டீஸ் குறைவான இடமாகப் பாருங்கள். ரிசல்ட்டை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெளிநாட்டுல டேட்டா என்ட்ரி வேலை, மாசம் ஒரு லட்சமாம். விசாவுக்கு மட்டும் பணம் கட்டச் சொல்றாங்க.

கட்டாதீர்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று இப்படிப் போன தமிழ்ப் பிள்ளைகளை அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பணத்தை ஏற்கனவே அனுப்பியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். உள்ளூரிலும் அப்படித்தான்: லேப்டாப் டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ் என்று எதற்குப் பணம் கேட்டாலும் அது ஆஃபர் இல்லை.

ஒண்ணுக்குச் சரின்னு சொல்லிட்டேன். அப்புறம் நல்லது வந்துருச்சு. என்னங்க பண்றது?

உண்மையாகவே பெரிய வித்தியாசம் என்றால் மாறுங்கள். ஆனால் முதல் கம்பெனிக்கு அன்றைக்கே, வாய் திறந்து, போனில் சொல்லுங்கள். அப்புறம் மின்னஞ்சல். சேரும் நாள் காலையில் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவதுதான் தவறு. அவர்கள் உங்களுக்காக மெஷினும் மேசையும் ஒதுக்கிவிட்டு, மற்ற ஆட்களை வேண்டாம் என்று அனுப்பியிருப்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவருக்கு அந்த வேலை மிகவும் தேவையாக இருந்திருக்கும். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து ஆயிரம் வித்தியாசத்துக்காக என்றால் சொன்ன சொல்லிலேயே நில்லுங்கள்.

முடிவு பண்ணிட்டேன். பழைய இடத்துலேர்ந்து என்னென்ன வாங்கணும்?

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்று). இந்த நிதியாண்டில் அங்கே வாங்கிய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வருஷக் கடைசியில் வரியாக மொத்தமாக வந்து நிற்கலாம்.

பிஎஃப்பை எடுத்துவிடாதீர்கள். பழைய யுஏஎன் நம்பரையே (பிஎஃப்புக்கு உங்களுக்கென்று இருக்கிற ஒரே எண்) புதிய இடத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றுங்கள். சேர்ந்து ஐந்து வருஷம் ஆகும் முன் எடுத்தால் அதற்கு வரி உண்டு, பென்ஷனுக்கான வருஷக் கணக்கும் அறுந்துபோகலாம். பழைய கம்பெனி உங்கள் விலகிய தேதியை பிஎஃப் தளத்தில் போட்டதா என்று பாருங்கள். போடவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே உள்ளே போய்ப் பதிந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைந்த போன் நம்பர் கையில் இருந்தால் போதும்.